மகள் வீட்டுச் சோறு

பீளமேடு
12-2-1995

தம்பி நஞ்சுண்டனுக்கு அக்கா ராசாத்தாள் எழுதுவது.

நானும் என் வீட்டுக்காரரும் நலம். அங்கும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

தையில் அம்மாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்ததிலிருந்து, ஈ.எஸ்.ஐ. கார்டில் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் யாராவது உண்டா என்று கோயமுத்தூர் முழுக்க அலைந்தேன். காந்திபுரத்தில் ஒருத்தி, "ஈ.எஸ்.ஐ.ங்களா? அதெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க" என்று கொடுத்த டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மில்லுக்காரி என்றால் அவ்வளவு இளப்பம். கடைசியில் ஹோப்ஸ் பக்கம் கலீல் ரஹ்மான் என்பவர் ஒத்துக்கொண்டார். "ஆறு மாசத்துக்குள்ள கை திரும்புனாத்தானுங்க. எண்ணெய் நீவுனாப் பத்தாதுங்க, தினமும் பயிற்சி குடுக்கோணும்" என்றார்.

என் கார்டில் அம்மா பேரைச் சேர்க்க வேண்டும். அவள் என்னோடு இருக்கிறாள், என் சம்பளத்தை நம்பி வாழ்கிறாள் என்று மகன் நீ கையெழுத்துப் போட்டு எழுதித்தர வேண்டும். அம்மாவை உடனே அனுப்பி வை.

அக்கா,
ராசாத்தாள்


உடுமலைப்பேட்டை
21-2-1995

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்ததுங்க. இப்போதாவது உங்களுக்கு அம்மா ஞாபகம் வந்ததே, சந்தோஷம்.

பெற்ற மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, அம்மாவுக்குக் கதியில்லை என்று சர்க்காருக்கு எழுதித்தரச் சொல்கிறீர்கள். மகள் வீட்டுச் சோற்றில் பழனாத்தாள் காலம் தள்ளுகிறாள் என்று ஊர் பேசினால் நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? அதுவும் எந்த மாதிரி வீட்டுச் சோறு என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

நாட்டு வைத்தியர் பாலுசாமி தினமும் வந்து எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார். போர் போட்டுத் தண்ணீர் வராமல் கையைச் சுட்டுக்கொண்டேன், இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்திருப்பேன். அம்மாவே, "மக ஊட்டுக்கு நான் போகமாட்டஞ் சாமி" என்று சொல்லிப்போட்டாள்.

தங்கள் தம்பி,
நஞ்சுண்டன்


பீளமேடு
2-3-1995

நஞ்சுண்டா,

உன் மரியாதையை நீயே வைத்துக்கொள்.

தோப்பு முழுவதையும் உன் பேருக்கு எழுதி வாங்கியாகிவிட்டது. இனி அம்மாவுக்கு ஏது வருமானம்? கதியில்லை என்பதில் என்ன பொய் இருக்கிறது?

உன் கல்யாணத்தில் கூடப்பிறந்தவள் நான் இருக்க, இணைச்சீர்ச் சடங்குக்குப் பெரியப்பா மகளை உட்காரவைத்தாய். கண்ணையாவை நானே பார்த்துச் சாதி மாறிக் கட்டிக்கொண்டேன், அதனால் சபையில் நிற்கக் கூடாதென்றாய். மண்டபத்துத் தூணோரம் நின்று பார்த்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன். அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அதெல்லாம் நம் இரண்டு பேர் சண்டை. அம்மாவின் கை என்ன பாவம் செய்தது?

நாள் போகப் போகக் கை இறுகிவிடுமாம். உன் கௌரவம் எங்கும் ஓடிவிடாது. அம்மாவை அனுப்பு.

ராசாத்தாள்


உடுமலைப்பேட்டை
14-3-1995

அக்கா அவர்களுக்கு,

மாரியம்மன் நோம்பி சாட்டியாயிற்றுங்க. திருவிழாவுக்குப் பங்காளிகளும் சம்பந்தி வீட்டாரும் வருவார்கள். "ஏனுங்க, அம்மாளைக் காணோம்?" என்று கேட்டால் நான் யார் முகத்தில் விழிப்பது? நோம்பி முடியட்டும். சித்திரையில் மச்சினன் கல்யாணம், அதுவும் முடியட்டும். பிறகு நானே கொண்டுவந்து விட்டு, கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

அப்போதும் ஊராரிடம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத்தான் சொல்வேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். இனி இதைப்பற்றிக் கடிதம் வேண்டாங்க.

நஞ்சுண்டன்


பீளமேடு
1-10-1995

நஞ்சுண்டனுக்கு,

சித்திரை என்றாய், ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் கொண்டுவந்தாய். அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் காரைத் திருப்பினாய். அதன்பிறகு உன் மூச்சே காணோம். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

கலீல் ரஹ்மான் தினமும் பார்க்கிறார். கால் தேவலை. தடியூன்றித் தெருமுனை வரை நடக்கிறாள். கை வரவில்லை. விரல்கள் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன. "முன்னமே கூட்டீட்டு வந்திருந்தா கொஞ்சம் பாத்திருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க ஊட்டுக்கு வரமாட்டேன்னு சொன்னியாமாம்மா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். இப்போது அவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். "ஆரு கண்ணு சொன்னது? நீ எப்ப வந்து கூட்டீட்டுப் போவீன்னு வாசலையே பாத்துட்டுக் கெடந்தேன்" என்றாள்.

சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டுகிறேன். எனக்குக் காலை ஷிப்டு இருக்கும் வாரங்களில் என் வீட்டுக்காரர் ஊட்டுகிறார். கண்ணையா கையால் வாங்கித்தான் அம்மா சாப்பிடுகிறாள்.

மகள் வீட்டுச் சோற்றை அம்மா இன்றுவரை தன் கையால் தொடவில்லை. ஊரில் சொல்லிவிடு. நன்றாகத் தலை நிமிர்ந்து நட.

இனி எனக்கு எழுதாதே.

ராசாத்தாள்