வேளாங்கண்ணியில் நீ கேட்ட வரம்

கண்ணை மூடினால் எனக்கு முன்னால் நடந்து போகிற என் தனம் அக்காவுக்கு,

இந்த ஆவணியிலும் வேளாங்கண்ணிக்கு நடந்தோம். ஊரிலிருந்து கிளம்பியது நானும் ஆரோக்கியமும் மட்டும்தான். உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது தெரிந்தும் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வேன், சொல்?

போன வருஷம் குடவாசலிலிருந்து மூன்று பேராகக் கிளம்பியது நினைவிருக்கிறதா? மூவரும் ஒரே வயலில் நடவுக்கு இறங்கியவர்கள். ஆரோக்கியம் வேதக்காரி, மாதா கோயிலுக்கு வருஷா வருஷம் நடப்பவள். உனக்கும் எனக்கும் அதுதான் முதல் தடவை. "மாரியாத்தாள கேட்டாச்சு, வக்கீல கேட்டாச்சு. இந்த ஆத்தாளையும் கேட்டுப் பாத்துடுவோமே" என்று சொல்லிக் காவிப் புடவை கட்டிக்கொண்டாய்.

உன் மகன் முருகையன் அப்போது திருச்சி ஜெயிலில் இருந்தான். புது ஆட்சி வந்து, குத்தகைக்காரன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டதே, அதிலிருந்து ஆரம்பித்த வினை. நீங்கள் உழுத வயலை நீங்கள் உழவே இல்லை என்று பண்ணையார் சாதித்தார். தையில், நீங்கள் விளைவித்த சம்பாவை அறுக்க வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். நாம் வரப்பில் போய் மறித்தோம். எல்லோர் கையிலும் அரிவாள் இருந்தது. வெளியூர்க்காரன் ஒருவனுக்கு மணிக்கட்டில் வெட்டு. யார் வெட்டியது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. போலீஸ் முருகையனைப் பிடித்தது. "நீதானா?" என்று நீ அவனிடம் ஒரு முறையாவது கேட்டாயா அக்கா?

திருவாரூர் தாண்டியதும் உன் காலில் கொப்புளம். தார்ச்சாலை கொதித்தது. செருப்புப் போடச் சொன்னேன், நீ கேட்கவில்லை. கீழ்வேளூருக்கு முன்னால் ஒரு புங்கமரத்தடியில் மோர்ப்பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே காவிச் சேலையில் இன்னொருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆரோக்கியம்தான் பேச்சுக் கொடுத்தாள். அவள் பெயர் அஞ்சலை, அந்தப் பந்தலுக்குப் பக்கத்து ஊர்தானாம்.

"என்ன வேண்டுதல்மா?"

"எம் புருசன் அறுப்புக்குப் போன எடத்துல கைய வெட்டிட்டானுவ. வெரல மடக்க முடியல. வெட்டுனவன் ஜெயில வுட்டு வரவே கூடாதுன்னு மாதாட்ட கேக்கப் போறேன்."

எந்த ஊர் அறுப்பு என்று ஆரோக்கியம் கேட்டாள். அஞ்சலை நம் ஊர்ப் பெயரைச் சொன்னாள். நான் உன் கையைப் பிடித்தேன். எழுந்து போய்விடலாம் என்றுதான் பிடித்தேன். நீ கையை உருவிக்கொண்டாய்.

"உள்ள இருக்கிறது எம் புள்ளதான்" என்றாய்.

அஞ்சலை எழுந்துவிட்டாள். மோர்க் குவளை சரிந்து மண்ணில் கொட்டியது. அடித்துவிடுவாளோ என்று பயந்தேன்.

"நாங்க விதைச்சத அறுக்க வந்தது நீங்கதானே?" என்று நீதான் முதலில் கேட்டாய்.

"யாரு விதைச்சதுன்னு எங்களுக்கு யாரு சொன்னா? ஊட்டுல அடுப்பு எரியல. வாங்கன்னாங்க, வந்தோம். இப்ப அவருக்குச் சோத்த நாந்தான் ஊட்டி வுடுறேன், தெரியுமா?"

பண்ணையாரை நாலு வார்த்தை ஏசலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த வெயிலில் அது யார் காதில் விழப்போகிறது?

அப்புறம் வேளாங்கண்ணி வரைக்கும் அவள் சாலையின் அந்தப் பக்கமும் நாம் இந்தப் பக்கமுமாக நடந்தோம். பிரிந்து போகவும் இல்லை, சேர்ந்து பேசவும் இல்லை. கோயிலில் கூட்டம் நெருக்கியபோது நீயும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டீர்கள். உன் உதடு அசைந்ததைப் பார்த்தேன். மகனைத்தான் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் சொன்னாய். "அவ புருசன் கை வெளங்கணும்னு கேட்டுட்டேன்டி. எம் புள்ளைக்குக் கேக்கத்தான் வாயத் தொறந்தேன். வார்த்தை அப்படி வந்துட்டு." கொஞ்ச தூரம் போன பிறகு, "பெத்தவ செய்யுற காரியமாடி இது?" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாய்தா மேல் வாய்தாவாக இழுத்த வழக்கு புரட்டாசியில் முடிந்தது. முருகையனுக்குத் தண்டனை. ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. மருந்தைத் துப்பிவிட்டு நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். ஆரோக்கியம் கெஞ்சினாள், நான் திட்டினேன். உனக்குக் கொள்ளி வைக்க முருகையனை விடவில்லை. உன் கொழுந்தன் மகன்தான் வைத்தான்.

அந்த வயல் இப்போது பண்ணையாரின் மாமியார் பெயரில் இருக்கிறது. உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்றதும் ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிவைத்துவிட்டார். அந்த அம்மாள் நம் ஊருக்கு வந்ததே இல்லை. மேடையில், உழுதவனுக்கே நிலம் என்று இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாங்கள் அதே வயலில் கூலிக்கு நட்டோம். வேறு எங்கே போவது?

இந்த வருஷம் அதே மோர்ப்பந்தலில் அஞ்சலை எங்களைத் தேடி வந்தாள். "அந்த அக்கா வரலையா?" என்றாள். ஆரோக்கியம் சொன்னாள். அஞ்சலை சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ கேட்ட வரத்தையும் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை.

"அவரு கை அப்படியேதான் இருக்கு" என்றாள். "நான் கேட்டதத்தான் மாதா குடுத்தா. அந்தப் புள்ளைய உள்ள போட்டாச்சு. அத வச்சுக்கிட்டு நான் என்னா பண்ணுறது, சொல்லுங்க."

இந்த முறை அவளுக்குக் கேட்க எதுவும் இல்லையாம். கால் வந்தது, வந்தேன் என்றாள். மூன்று பேரும் ஒரே பக்கமாக நடந்தோம். அதனால் எதுவும் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே அக்கா. கோயில் வாசலில் மெழுகுவர்த்தி வாங்கினேன். யாருக்காக ஏற்றுவது என்று தெரியாமல் ஆரோக்கியம் கையில் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் முருகையனைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்து நின்றான். "அம்மா எனக்காக அவ்வளவு தூரம் நடந்தாங்களா சித்தி?" என்றான். "நடந்தாடா" என்றேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அவன் வெளியே வரும்போது நான் உயிரோடு இருந்தால், ஜெயில் வாசலில் போய் நிற்பேன். பாதிதான் சொல்லியிருக்கிறேன், மீதியையும் சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு அவன் உன்னை வெறுக்கலாம். என்னையும் சேர்த்து வெறுக்கலாம். நீ கும்பிட்டது எதுவும் பலிக்கவில்லை. ஆனாலும் நீ என்ன கேட்டாய் என்பது உன் பிள்ளைக்குத் தெரியாமல் போக நான் விடமாட்டேன். இது சத்தியம்.

உன்கூடப் பிறக்காத, ஆனாலும் உன் தங்கச்சி,
ராசாத்தி