செலரான், டீடீஆர், காலை மழை

2005 ஒக்டோபர் 1, சனி

விடியலிலிருந்து மழை. ஈர இறப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. ச.வுக்கு இன்று பால் வெட்டு இல்லை, ஆகவே கங்காணியின் கொப்பியில் பேரும் இல்லை, அந்த நாளுக்குச் சம்பளமும் இல்லை. (ச. என்பது சரோஜா, என் மனைவி. முழுப்பெயரை எழுதி மை தீர்க்க விரும்பவில்லை.)

நேற்றுப் பாடசாலைக் கூட்டத்தில் வாய் கொடுத்துவிட்டேன். பதினோராம் வகுப்புக்கு இது கடைசித் தவணைப் பரீட்சை. டிசம்பரில் சாதாரண தர அரசாங்கப் பரீட்சை. ஐந்து தோட்டப் பாடசாலைக்கும் ஒரே வினாத்தாள், ஏழு பாடம். இதுவரை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அடித்தோம். கடைக்காரர் நல்ல மனிதர். தமிழ் தெரியாது. எழுத்தின் உருவத்தைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல் அடிப்பார். போன தவணை விஞ்ஞானத் தாளில் ஒரு வரி முழுதாகப் போயிற்று. சரியான விடை அந்த வரியில்தான் இருந்தது. பிள்ளைகள் மிச்சமிருந்த மூன்று பிழைகளில் அழகான பிழையாகப் பார்த்துக் கோடிட்டார்கள்.

"இனிமே நானே அடிக்கிறேன் சேர்" என்றேன்.

அதிபர்: "கொம்பியூட்டர் இருக்கா மாஸ்டர்?"

"செஞ்சிக்கிறேன்."

சங்கீத டீச்சர்: "கொழுக்கட்டையா, புடிச்சி வைக்கிறதுக்கு?"

கெடு: 21 வெள்ளி காலை. ரோனியோவில் பிரதி எடுக்க ஏழு ஸ்டென்சிலும் அதிபர் மேசையில். தவறினால் மறுபடி கோலம்.

சம்பள நிலுவை கொஞ்சம் வந்திருக்கிறது. ச. அதில் தையல் மெஷின் பார்த்தாள். நான் கணினி பார்த்தேன். வாக்கெடுப்பு நடக்கவில்லை.

ஒக்டோபர் 4, செவ்வாய்

வெயில். இரவல் வாங்கிய கணினிச் சஞ்சிகை, இரண்டு வருடப் பழசு. மூன்று தடவை படித்தாயிற்று. கட்டி விற்கும் கணினி என் கைக்கு எட்டாது. பாகமாக வாங்கினால் எட்டும். பாகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஆசிரியர் சங்கத்தைவிட இது சுலபம்.

இதுவரை முடிவானவை:

புரொசசர் – செலரான் 2.4. பென்டியம் வேண்டாம். வினாத்தாள் அடிக்க அவ்வளவு யோசனை தேவையில்லை.

போர்ட் – 478 கால் ஏற்கும் பழைய சாக்கெட். புதுச் சாக்கெட்டில் இந்தப் புரொசசர் உட்காராது. படம் காட்டும் வசதி போர்டிலேயே இருக்க வேண்டும். ஸ்டென்சிலில் குத்த, பாடசாலையின் பழைய டொட் பிரிண்டரை இரவல் தருகிறார்கள். அதன் அகன்ற வயருக்கு வாய் கட்டாயம்.

ராம் – டீடீஆர் 256. பழைய எஸ்டீராம் மலிவு, ஆனால் வெட்டு வேறிடத்தில். நுழையாது. நுழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று சஞ்சிகை எச்சரிக்கிறது.

ஹார்ட் டிஸ்க் 40. பவர் 300 வாட். மொனிட்டர் பாவித்தது, 15.

தேங்காய் 2, மண்ணெண்ணெய், ச.வுக்குத் தைலம்.

ஒக்டோபர் 8, சனி

தூறல். ஐந்து மணி பஸ்ஸில் கொழும்பு. கடைக்கார நானா என் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சேர் எங்க வேல செய்யிற?"

"இஸ்கூல்ல."

"பட்டியல் சரி. ஒரு பிழையும் இல்ல. இப்பிடி ஒருத்தரும் எழுதிக்கொண்டு வாறல்ல." (இதைப் பதிந்து வைக்கிறேன்.) "யூபீஎஸ் எழுதல்லயே?"

"கரண்ட் போனா போகட்டும். திரும்ப வந்தவுடனே அடிப்பேன்."

"கரண்ட் போறது மட்டுமில்ல சேர்..."

மேலே பேச விடவில்லை. வியாபாரி வைத்தியர் மாதிரி. உட்கார்ந்தால் இன்னொரு வியாதி கண்டுபிடிப்பார். யூபீஎஸ் விலையில் மொனிட்டரே வந்துவிடுகிறது.

திரும்பும் பஸ்ஸில் மொனிட்டருக்குத் தனி டிக்கட். கொண்டக்டர்: "மாஸ்டர், ஏக்க டீவீயக்த?" டிவியா என்கிறார். இல்லை என்றேன். டிவி இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு பாரமா என்று அனுதாபத்தோடு பார்த்தார்.

ஒக்டோபர் 9, ஞாயிறு

வெயில். மேசையில் ச.வின் பழைய சேலை விரித்துப் பாகங்கள். புரொசசர் தானாக இறங்கி உட்கார்ந்தது. ராம் 'டக்' என்றது. பதினொன்றரைக்குச் சுவிட்ச். ஓடுகிறது. முதல் தடவையிலேயே.

லயமே வாசலில், வரிசை வீட்டார் அத்தனை பேரும். பக்கத்துக் காம்பரா ராமையா அண்ணன், ஸ்டோரில் (தோட்டத்து இறப்பர் ஃபெக்டரிக்கு இங்கே அதுதான் பெயர்) உருளை மெஷின் ஓட்டுகிறவர், பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"காத்தாடியெல்லாம் வச்சிருக்கீங்க. அதுக்கு வேர்க்குமா?"

"யோசிச்சா சூடேறும்ணே."

"அப்ப நமக்குத் தேவப்படாது."

மாலைக்குள் கணிதத் தாள் பாதி. இரண்டு விரலால்தான். ஆனாலும் ஒவ்வோர் எழுத்தும் தமிழ்.

ஒக்டோபர் 10, திங்கள்

காலை கடும் மழை. ச. வீட்டில். பாடசாலை விட்டு இரண்டரைக்கு வந்து உட்கார்ந்தேன். கணிதம் முடிந்தது. கணினி முனகவில்லை. அதிபரிடம் போய், ஏழையும் ஒரு வாரம் முந்தியே தருகிறேன் என்றேன். தேவையில்லாத வாக்குறுதி. கொடுக்கும்போது சுகமாக இருந்தது.

ஒக்டோபர் 11, செவ்வாய்

நல்ல வெயில். மூன்று மணிக்குச் சுவிட்ச். திரை ஓரங்கள் உள்ளே இழுத்துக்கொண்டன, பிறகு இருட்டு. தானாக மறுபடி தொடங்கிற்று. மறுபடி இருட்டு. பதினான்கு தடவை எண்ணினேன். ராம்தான் காரணம். கழற்றி, அழிறப்பரால் தேய்த்து, மாட்டினேன். பதினைந்து.

ஒக்டோபர் 12, புதன்

வெயில். அதே கூத்து. ராம் இல்லை, பவர். சஞ்சிகையும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது எல்லாவற்றுக்கும் பவரைத்தான் சொல்கிறது.

ச. பால்வாளியைக் கழுவிக்கொண்டே: "தையல் மெஷின்னா கால்ல மிதிச்சா ஓடும்."

வாதம் வலுவானது.

ஒக்டோபர் 13, வியாழன்

காலை மழை. பி.ப. சுவிட்சைப் போட்டேன், சும்மா. ஓடிற்று. ஐந்து மணிவரை இமைக்கவில்லை. விஞ்ஞானம் முடிந்தது, காணாமற்போன வரி உட்பட. முந்தாநாள் தேய்த்ததுதான் வேலை செய்திருக்கிறது. என் கையில் ஏதோ இருக்கிறது.

ஒக்டோபர் 14, வெள்ளி

வெயில். என் கையில் ஒன்றுமில்லை.

ராமையா அண்ணன் வேலை விட்டுப் போகிற போக்கில்: "என்னா மாஸ்டர், ஒங்க பொட்டி தவள சாதியா? மழ பேஞ்சாத்தான் கத்துது."

படிக்காதவர்களின் நகைச்சுவைக்கு ஓர் எல்லை உண்டு. டவுனுக்குப் போய் நானாவுக்குக் கோல் எடுத்துக் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். "கொண்டு வாங்க சேர், பாப்பம்" என்றார். குரலில் பதற்றமே இல்லை. அதுவே சந்தேகம்.

ஒக்டோபர் 15, சனி

தூறல். பெட்டியை மடியில் வைத்துக் கொழும்பு. நானா மேசையில் வைத்து ஓடவிட்டார். மூன்று மணிநேரம் ஓடிற்று. எனக்கு இரண்டு பிளேன்டீ. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "சேர் கட்டினது, நல்ல கட்டு" என்று காட்டினார். பாகம் பழுது என்று நான் நிரூபிக்க வந்த இடத்தில் என் கெட்டித்தனத்தைப் புகழ்கிறார்கள். இவ்வளவு அவமானம் முன்பு பட்டதில்லை.

ஒக்டோபர் 17, திங்கள், போயா

வெயில். நேற்றும் இன்றும் அருமையாக ஓடிற்று. கொழும்புக்குப் போய் வந்ததில் திருந்தியிருக்கிறது. பலர் கெட்டு வருவார்கள். வரலாற்றுத் தாள் முடிந்தது. மூன்று ஆயிற்று. மிச்சம் நான்கு.

ஒக்டோபர் 18, செவ்வாய்

வெயில். இருட்டு. மூன்று நாளே இருக்கிறது.

அதிபர் இன்று மெதுவாகக் கேட்டார்: "கடைக்காரருக்கு ஒரு வார்த்த சொல்லி வைக்கவா மாஸ்டர்? சும்மா, ஒரு பாதுகாப்புக்கு." சங்கீத டீச்சர் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து, நானாவுக்கு எழுதப்போகும் கடிதத்துக்குச் சாட்சியாகத் தேதிகளை எடுக்க இந்தக் கொப்பியைப் புரட்டினேன். ஓடிய நாட்கள்: 9 ஞாயிறு, 10 மழை, 13 மழை, 16 ஞாயிறு, 17 போயா. ஓடாத நாட்கள்: 11, 12, 14, 18. நான்கும் வெயில், நான்கும் ச.வுக்குப் பேர் விழுந்த நாள்.

காலையில் மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் பால் இல்லை. பால் இல்லாவிட்டால் ஸ்டோரில் உருளை மெஷின் இல்லை. லயத்துக்குக் கரண்ட் வருவது ஸ்டோர் லைனில்.

எழுந்துபோய்ப் பல்பைப் போட்டேன். பட்டப்பகலில் யார் பல்பு போடுகிறார்கள்? உள்ளே சிவப்பு நூல் மாதிரி ஒரு கம்பி, அவ்வளவுதான். நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பத்துக்கு ஸ்டோர் நின்றது. பல்பு பளிச்சென்றது. ஐந்தரைக்கு லயத்து டிவிகள் ஒவ்வொன்றாக விழித்தன. மறுபடி சிவப்பு நூல்.

ஒவ்வொரு பாகமும் மற்றதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். சுவரோடு பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து இந்தச் சுவருக்குள்தான் இருக்கிறேன்.

நானாவுக்கு எழுதிய பாதிக் கடிதத்தைக் கிழித்தேன். தவளைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. ராமையா அண்ணனிடம் வேறு உதவி கேட்டேன். ஒரு மணிநேரம் பிந்தி மெஷினைப் போடலாமா?

"பால் காத்திருக்காது மாஸ்டர். கட்டியாயிரும். அப்புறம் தொர என்னயத்தான் உருளையில குடுப்பாரு. பதினொன்னரைக்குத்தான் பால் வரும். அதுக்கு முந்தி அடிச்சிக்கங்க."

கரண்டைச் சீர்படுத்தும் பெட்டி டவுனில் இருக்கிறது. அடுத்த சம்பளத்துக்குப் பிறகு.

ஒக்டோபர் 19, புதன்

வெயில். இன்றும் நாளையும் சுகவீன லீவு. காரணம் என்ற கட்டத்தில் 'வயிற்றுக் கோளாறு' என்று எழுதினேன். பாடசாலை வேலை செய்வதற்காக லீவு வேண்டும் என்று எழுதினால் விசாரணை வரும். நேற்றிரவு அதிபர் கையெழுத்திட்டுக்கொண்டே, "வயித்துல எத்தன பாடம் மிச்சம்?" என்றார். நல்ல மனிதர்.

ஆறு முதல் பதினொன்றரை வரை. சமயம், ஆங்கிலத்தின் முக்கால். திரை சுருங்கத் தொடங்கியதும் நிறுத்தினேன். தூரத்தில் உருளைச் சத்தம். நாளை ஒரு காலைக்குள் இரண்டே கால் தாள். முடியாது. கணக்கு என் பாடம், தெரியும்.

விளக்கு வைத்தபோது ச. கும்பிட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். அவள் என்ன கேட்டாள் என்று தெரியும். நான் என்ன கேட்டேன் என்று அவளுக்கும் தெரியும். ஒரே சாமி.

ஒக்டோபர் 20, வியாழன்

ஏழும் முடிந்தது. ஸ்டென்சில்கள் மேசையில் அடுக்கியிருக்கின்றன. எப்படி முடிந்தது என்பதில் பெருமைப்பட அதிகமில்லை.

விடியலில் வானம் வெளிச்சம். ச. ஐந்தரைக்கு மலைக்குப் போனாள். ஆங்கிலம் முடிந்து தமிழ்த் தாளில் நடு. ஒன்பது மணிக்கு இடியில்லாமல், முன்னறிவிப்பில்லாமல் மழை. கூரைத் தகரம் முழுதும் ஒரே சத்தம். வெட்டி முடித்துச் சிரட்டையில் பால் இறங்குகிற நேரம் அது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

பத்தேகாலுக்கு ச. வந்தாள். தலையில் போட்டிருந்த சாக்கு ஒழுகிற்று. வாளியை வாசலில் கவிழ்த்தாள், வெள்ளையாகத் தண்ணீர். முந்நூறு மரம் வெட்டியிருக்கிறாள்.

"அரப்பேருதான்" என்றாள். "கங்காணி அதையும் யோசிச்சித்தான் போட்டாரு."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டோரு இன்னக்கி இல்ல. ராமையாண்ணே வீட்டுக்குப் போறாரு." தலையைத் துவட்டினாள். "இன்னம் எத்தன இருக்கு?"

"இது முடிஞ்சா, புவியியல் ஒன்னு."

"குனிஞ்சி குனிஞ்சிப் பாத்து அடிக்கிறதாலதான் சொணங்குது. குடுங்க, நான் வாசிக்கிறேன்." பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். என்னைவிடத் தெளிவாக வாசிக்கிறாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது. பி.ப. இரண்டுக்குத் தமிழ் முடிந்து புவியியல். எட்டாம் கேள்விவரை ஒரு தடை இல்லை.

"கேள்வி ஒம்போது. இறப்பர்ச் செய்கைக்கு உகந்த காலநிலை நிபந்தனைகள் இரண்டு தருக."

நிறுத்தினாள். நான் விரலைத் தூக்கியபடி இருந்தேன்.

"ரெண்டா கேக்குறாங்க?"

"ரெண்டு."

"காலையில மழ பேயக் கூடாது. ஒன்னு போதும்னு போடுங்க."

கேள்வியை உள்ளபடியே அடித்தேன். கரண்ட் அசையவில்லை.

"கேள்வி பத்து" என்றாள்.