இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகப் போன மதியம்

என் பிரியத்துக்குரிய நசீர் அண்ணனுக்கு,

நீங்கள் போன பிறகு இங்கே மழை நன்றாகவே பெய்தது. பாலாற்றில் தண்ணீர் வந்து போனது. ஆனாலும் நம் ஊர்க் கிணறுகளில் உப்பு குறையவில்லை. நீங்கள் முதலில் கேட்பது இதைத்தானே?

அடுத்ததை எப்படிச் சொல்ல? நம் விவசாயிகள் சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டர் போய்விட்டது, அண்ணா.

ஒரு மதியம் இடி இடித்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது பல்பு கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தது. கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து கருகல் வாடை. ஓடிப் போய் வயரைப் பிடுங்கினேன். நீங்கள் வாங்கி வைத்த பேக்கப் டிஸ்க்கும் அதிலேயேதான் சொருகியிருந்தது.

"தெனமும் தானாவே காப்பி ஆயிடும்மா ஸ்டெல்லா, நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் கடைசியாக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அங்கிருந்து உயிரோடு திரும்பவில்லை. நீங்கள் சொன்னபடியே தினமும் காப்பி ஆனது. ஒரே கரண்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டது.

வேலூரில் ரிப்பேர் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மேடம், காப்பிய அதே மிஷின்ல மாட்டியே வெச்சிருந்தீங்களா? சென்னைக்கு அனுப்பிப் பார்க்கலாம். ஆனா நம்பிக்கை கம்மிதான்" என்றார். அனுப்பினோம். போனபடியே திரும்பி வந்தது.

தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கிய ஒவ்வொரு கிணற்றுக்கும் வருஷக்கணக்காக வண்டியில் போய் நீங்கள் எடுத்த அளவுகள், படங்கள், உப்பேறியதால் நிலத்தை விட்டவர்கள் உங்களிடம் பேசிய பேச்சு. எல்லாம் அதில்தான் இருந்தன. ஷாப்காரர்கள்மேல் நாம் போட்ட கேஸுக்காக வக்கீலுக்கு மெயிலில் அனுப்பிய கொஞ்சம் அளவுகள் மட்டும் தப்பின. பழைய அளவு இல்லாமல் உப்பு எப்போது ஏறியது என்று கோர்ட்டில் காட்டுவது கஷ்டம் என்கிறார் அவர். கேஸ் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒருநாள் கனகம்மா அக்கா பேரனோடு அலுவலகத்துக்கு வந்தார். அவர் கணவரை நீங்கள்தானே கிணற்றடியில் உட்காரவைத்துப் பேசவைத்தீர்கள்? அடுத்த வருஷமே அவர் இறந்துவிட்டார்.

"எங்க வூட்டுக்காரர் பேசனது இதுல இருக்குதாமே. பையன் அவர் கொரலையே கேட்டதில்ல. ஒருவாட்டி போடேம்மா."

நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "நசீர் பாய் வேற எங்கனா எடுத்து வெச்சிருப்பாரு. நல்லா பாரும்மா."

அன்று மாலையே உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி உங்கள் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். "எடம் பத்தலன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இதுல அழிச்சுடுவாரு" என்றார். இருந்தாலும் கடைசிவரை தேடினேன். இல்லை, அண்ணா. கனகம்மா அக்காவிடம் மறுபடி போய் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு உங்களை எப்படிக் குறை சொல்வேன்? உங்கள்மேல் கோபமே வரவில்லை என்றால் அதுவும் பொய்.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். இரண்டு டிஸ்க் வாங்கியிருக்கிறோம். சனிக்கிழமை ஒன்றில் காப்பி எடுத்ததும் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அடுத்த வாரம் மற்றது. இன்டர்நெட்டிலும் ஒரு பிரதி ஏறுகிறது. எடுத்த காப்பி திறக்கிறதா என்று அவ்வப்போது வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறேன். இவ்வளவு சின்ன வேலைதான். இதை அப்போதே செய்திருக்கலாம்.

கிணறு கிணறாக மறுபடி போகிறேன். நீங்கள் பேசவைத்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. கனகம்மா அக்கா மட்டும் தானாகவே வந்து, "அவர் சொன்னதை நான் சொல்றேன், எடுத்துக்க" என்று கிணற்றடியில் உட்கார்ந்தார். கணவர் சொன்னதையெல்லாம் அழாமல் சொல்லி முடித்தார். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"இதுவாச்சும் போவாம இருக்குமா?"

"போவாதுக்கா" என்றேன்.

உங்களை நினைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன், அண்ணா. அந்தச் சொல்லைக் காப்பாற்றுவேன்.

உங்களோடு பிறக்காத தங்கச்சி,
ஸ்டெல்லா