செவ்வாய், வெள்ளி, நாலு மணி

மே 5, 1987, செவ்வாய்

இன்று முல்யான் டவுன் வரலாறு இரண்டாகப் பிளந்தது: சினிமாக்காரர்கள் வருவதற்கு முன், வந்த பின். சிட்னியிலிருந்து ஏழு வண்டி. நான் எழுபது என்று சொல்லி வருகிறேன், புழுதி அவ்வளவு.

குடும்பத்தோடு பார்க்கிற படமாம். எசமானுக்காக வருடக்கணக்காகக் காத்திருக்கும் நாயின் கதை. இயக்குநர் இமோஜன் என்ற பெண். பாரில் பீரும் கையுமாக இருந்த நான் சும்மா இருப்பேனா? "அம்மணி, அந்த நாய் என் வீட்டுல இருக்கு" என்றேன்.

பொய்யில்லை. செவ்வாயும் வெள்ளியும் நான் டவுனுக்குப் போய் நாலு மணிக்குத் திரும்பும்போது, பண்ணையின் சாலைக் கேட்டில் பிஷப் நிற்பான். கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, பாதிரியாரே ஆடு மேய்க்க வந்த மாதிரி. நான் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பான். என் புழுதிக்கும் மரியாதை!

இமோஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்தேன். என்னுடையது பீர் நுரை.

மே 8, வெள்ளி

இமோஜனை என் பிக்கப்பில் ஏற்றி வந்தேன். நாலு மணி. கேட்டில் பிஷப், சிலை. அங்கேயே அவனைக் கதாநாயகன் ஆக்கிவிட்டாள். காகிதத்தில் "உரிமையாளர்: நெவில்" என்று கையெழுத்திட்டேன். ராணியே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அவ்வளவு சுழி போட்டிருக்க மாட்டாள்.

அண்ணன் மகள் கெர்ரி டவுனில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். படக்குழுவுக்கு ரொட்டி கொண்டுவந்தவள் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"சித்தப்பா, உங்க பேரையா போட்டீங்க?"

"பின்னே பிஷப்பா கையெழுத்துப் போடுவான்?"

அவள் சிரிக்கவில்லை. தெரியும், அவள் அப்பா ஆல்பியை நினைக்கிறாள். குட்டியிலிருந்து பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவர் அவர். 'என் நாய்' என்பார். 'நாயையே கேளுண்ணே' என்பேன். மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சண்டையில்தான் அடிலெய்டுக்குப் போனார். "நாய்க்கு நகரம் ஆகாது, ஆடு வேணும்" என்று விட்டுவிட்டுப் போனார். நாய் என்னிடம். ஆகவே தீர்ப்பும் என் பக்கம்.

மே 10, ஞாயிறு

கண்ணாடி முன் நின்று பேட்டி கொடுத்துப் பழகினேன். பிரமாதம்.

மே 12, செவ்வாய்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், ஒரு இஞ்ச் கூட்டாமல்.

படப்பிடிப்பு என்பதால் இன்று டவுனுக்குப் போகவில்லை. கொட்டகை வாசலில், எல்லோர் கண் முன்னும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்கு பிஷப் எழுந்தான். காமிரா, விளக்கு, இமோஜனின் கூச்சல், எல்லாவற்றையும் தாண்டி நடந்தான். என்னையும் தாண்டி.

"டேய் பிஷப்! நான் இங்கதாண்டா இருக்கேன்!"

திரும்பிப் பார்த்தான். முன்பின் தெரியாத விருந்தாளிக்கு ஆட்டுவது போல் வாலை ஒரு தரம் ஆட்டினான். கேட்டுக்குப் போய்விட்டான்.

நான் இங்கே இருக்கும்போது, அங்கே யாருக்காக?

பின்னாலேயே ஓடினேன். நாலு மணிக்குத் தபால் லாரி வந்து நின்றது. வாரம் இரண்டு முறை என் புழுதிக்குப் பின்னால் வருகிற அதே லாரி. நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. பிஷப் சுற்றிப் போய், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக் கதவருகே நின்று, தலையைத் தூக்கி உள்ளே பார்த்தான். காலி இருக்கை. மெதுவாகத் திரும்பினான்.

ஓட்டுநர் லெஸ் தபால் பையை வீசினான். "மூணு வருஷமா இதேதான் நெவில். ஆல்பி அந்த சீட்லதானே உக்காந்து போனாரு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மே 13, புதன்

அப்போ இத்தனை நாளா நான் யாருடா உனக்கு? சோறு போடுற ஆளா?

மே 15, வெள்ளி

சோதித்தேன். வேண்டுமென்றே டவுனுக்குப் போய் இரண்டு மணிக்கே வந்தேன். கேட்டில் யாருமில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மூன்றரைக்கு எழுந்து போனான்.

மறுபடியும் டவுனுக்கு, ரொட்டிக்கடைக்குப் போனேன். கெர்ரியிடம் சொன்னேன். மாவுக் கையை உதறினாள்.

"அப்பா ஃபோன்ல முதல்ல கேக்குறது நாயைத்தான் சித்தப்பா."

"அப்புறம்?"

"'அந்தத் தடியன் எப்படி இருக்கான்'னு உங்களை."

இந்த மாநிலத்திலேயே பெரிய வாயில் ஒரு ரொட்டியை அடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மே 17, ஞாயிறு

அண்ணனிடம் ஃபோனில் பேசினேன். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"அண்ணே... அந்த நாய் உன்னுது."

"யாருடா சொன்னது?"

"நாயையே கேட்டேன்."

வைத்துவிட்டார். வருவாரா? கேட்கத் தைரியம் வரவில்லை. இமோஜனின் காகிதத்தில் என் பெயரை அடித்து 'ஆல்பி' என்று எழுதினேன். சுழி எதுவும் போடவில்லை.

மே 19, செவ்வாய்

லாரி நின்றது. அந்தப் பக்கக் கதவு திறந்தது. ஒரு பழைய பூட்ஸ் இறங்கியது. பிஷப் குரைக்கவில்லை, குதிக்கவில்லை. அந்த பூட்ஸ் மேல் படுத்துவிட்டான். அண்ணனால் அடுத்த காலை இறக்க முடியவில்லை. பாதி லாரியிலும் பாதி மண்ணிலுமாக நின்றார்.

நான் எதையும் பெரிதாக்கவில்லை. பெரிதாக்க இடமில்லை.

மே 22, வெள்ளி

கேட்டில் காத்திருக்கும் காட்சி ஒன்று பாக்கி. பிஷப் வரமாட்டேன் என்கிறான். மூன்றரை ஆனது, மூன்றே முக்கால் ஆனது. சமையலறையில் அண்ணன் காலடியில் கிடக்கிறானாம். நான் டவுனிலிருந்து வரும் வழியில், படக்குழுவோடு திரும்பிக்கொண்டிருந்த இமோஜன் என் பிக்கப்பை மறித்தாள்.

"நெவில், உங்க நாய் வேலையை விட்டுடுச்சு!"

"என் நாய் இல்லம்மா."

நாலு மணிக்குக் கேட்டருகே வந்தேன். யாருமில்லை. இவ்வளவு காலியான கேட்டை நான் பார்த்ததில்லை. இறங்கித் திறந்தேன், வண்டியை உள்ளே விட்டேன், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பின்னால் வந்த தபால் லாரி பையை வீசிவிட்டுப் போயிற்று.

வீட்டுப் புகைபோக்கியில் புகை. உள்ளே நுழைவதற்குள் அண்ணன் குரல்:

"தடியா, கேட்டை மூடினியா?"

மூன்று வருடமாக யாரும் என்னைக் கேட்காத கேள்வி. திரும்பிப் போய் மூடிவிட்டு வந்தேன்.