மாலை போடாத விரதம்

நாகல் நகர், திண்டுக்கல்
12.7.98

எர்ணாகுளம் காய்கறிச் சந்தையையே தோளில் தூக்கி நிறுத்தியிருக்கும் என் கொழுந்தனார் பொன்னழகுவுக்கு, மதனி பெருமாயி ஆசையோடு எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன், உன் பெண்டாட்டி நாகஜோதி, மகள் இளவேனில் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். போன கடிதத்தில் உன் எழுத்தெல்லாம் ஆடிக்கொண்டு வந்ததிலேயே தெரிந்துகொண்டேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், நீயும் ஒன்றும் கலெக்டருக்குப் படிக்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டோம் அப்பு! பழனிக்கு மாலை போட்டால் ஒரு சொட்டு தொடுவதில்லை, கழற்றின அன்றைக்கே கை தானாகப் போகிறது, இதற்கு என்ன வழி மதனி என்று எழுதியிருந்தாயே, அன்றிலிருந்து விசாரித்துக்கொண்டுதான் இருந்தேன். நம் இட்லிக் கடைக்கு வரும் செபஸ்தியம்மாள் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் தெருவைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தவர். இப்போது தொடுவதே இல்லை. குடியை விட நினைப்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடிப் பேசுகிறார்களாம். எந்தப் பள்ளிக்கூடம் என்றேன். "எங்க வீட்டுக்காரர் அதெல்லாம் சொல்லமாட்டாரு. சர்ச்சுப் பக்கத்துலன்னு மட்டும் தெரியும்" என்றாள். திண்டுக்கல்லில் சர்ச்சுக்கு என்ன பஞ்சம்?

நேற்று நாகஜோதியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் வரமாட்டேன் என்றாள். "நிறுத்திட்டு வரட்டும், அப்புறம் பாப்போம்" என்று உன்னிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னாள். நீ ஒன்றும் பேசவேண்டாம், கூடையை மட்டும் தூக்கு என்றேன். கூடையில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு துளசி மாலை. குருசாமி இல்லாமல் யார் விரதம் தொடங்குவார்கள்? உன் பேரைச் சொல்லி மாலையை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

நூர் முகமது ஆட்டோவில் போனோம். முதல் சர்ச்சுக்குப் பின்னால் தையல் வகுப்பு நடந்தது. "இங்க குடிய விட்டவுக யாரும்மா?" என்று வாசலில் நின்று கேட்டேன். ஒரு வாயாடி, "அக்கா, நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றாளே பார்க்கலாம்! மிஷினை நிறுத்திவிட்டு அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள். நாகஜோதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அக்கா, செத்த மெதுவாக் கேளுங்க, எனக்கே வெக்கமா இருக்கு" என்றான் நூர் முகமது. அதற்கப்புறம் அவனே இறங்கி இறங்கிக் காதோடு காதாக விசாரித்தான்.

கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் அகப்பட்டது. போர்டு கிடையாது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சியில் காலை மடக்க முடியாமல் பெரிய பெரிய ஆம்பளைகள். வீட்டு ஆட்களும் வரலாம், உட்காருங்கள் என்றார்கள். ஒவ்வொருவரும் எழுந்து பேரைச் சொல்லி, நான் குடிநோயாளி என்று சொல்லிவிட்டுத் தன் கதையைச் சொல்கிறார்கள். ஒருத்தர், தன் வீடென்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, யார் நீ என்று கேட்ட அந்த வீட்டுக்காரரையே அடிக்கப் போனதைச் சொன்னார். உன் கதையை யார் இவருக்குச் சொன்னது என்று திகைத்துப் போனேன். யாரும் திட்டவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் ராமர் என்பவர் டீ கொடுத்தார். இவர்தான் குருசாமி என்று நினைத்து, கூடையை முன்னால் வைத்து, "சாமி, எங்க கொழுந்தனுக்குக் கழட்டாத மாலையாப் போட்டுவிடுங்க" என்று கும்பிட்டேன். சிரிப்பில் ஓடு பறந்திருக்கும். அவர், "நான் ஒட்டன்சத்திரத்துல லாரி ஓட்டுறவன் அக்கா. நானும் பழனிக்கு மாலை போட்டுப் போட்டுக் கழட்டுனவன்தான். இங்க குருசாமியும் கெடையாது, மாலையும் கெடையாது. இன்னைக்குப் பொழுதுக்குக் குடிக்கல, அம்புட்டுத்தான். நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம்" என்றார். தேங்காயை அங்கேயே உடைத்து, பழத்தோடு ஆளுக்கொரு சில் தின்றோம். மாலை சும்மா திரும்பி வந்துவிட்டது.

நிறுத்தினால்தான் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். நிறுத்தினவன் எதற்கு இங்கே வரவேண்டும், நிறுத்தணும் என்கிற ஆசை இருந்தால் போதும் என்றார். அதனால் அப்பு, நிறுத்திவிட்டுத்தான் ஊர்ப் பக்கம் வருவேன் என்கிற உன் வீறாப்பைத் தூக்கி அந்தச் சந்தையிலேயே போடு. எப்படி இருக்கிறாயோ அப்படியே வா. தக்காளி இறக்கிவிட்டு ஒட்டன்சத்திரத்துக்குத் திரும்பும் லாரி எதிலாவது ஏறிக்கொள்.

இன்னொன்று. கூட்டம் முழுக்க நாகஜோதி கூடையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது ராமரிடம் திரும்பிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ரொம்பத் தூரத்துல இருந்து வர்றவுக, நேரம் கழிச்சு வந்தா உள்ள விடுவீகளா?"

விடுவார்களாம். வருகிற சனிக்கிழமைக்கு வந்துவிடு சாமி. நீ நல்லா இருப்பாய்.

உன் மதனி
பெருமாயி