மேலாளர் கணினியில் உடைந்த அட்டவணை

அம்மாவுக்கு வணக்கம். தங்கச்சி வாசிக்கும்போது கண்ணைக் கசக்காமல் கேள். சொட்டு மருந்தை வேளைக்கு விடுகிறாளா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே ஒரு கூத்து. எங்களுக்குப் பழைய கணினி, இலவச மென்பொருள். மேலாளருக்கு மட்டும் வேறு வகைக் கணினி. நான் ஒழுங்காக அடித்த அறிக்கை அங்கே திறந்ததும் அட்டவணை உடைந்து, எழுத்தெல்லாம் கட்டங்களாகிவிட்டன.

"என்னய்யா, தூங்கிக்கிட்டே அடிச்சியா?" என்றார்.

"கம்ப்யூட்டர் வேற சார். பிடிஎஃப்பா அனுப்பட்டுமா? அதுல எதையும் மாத்த முடியாது."

"அப்புறம் நான் எப்படி என் பேரைப் போடுறது?" என்று கூச்சமில்லாமல் சிரித்தார். வேலை என்னுடையது, பெயர் அவருடையது, பழி மட்டும் என் தலையில்.

எல்லா அறிக்கைகளையும் அவர் கணினியில் திருத்தி முடிக்கும்வரை எனக்கு விடுப்பு இல்லையாம். உன் கண் அறுவைச் சிகிச்சைக்கு வர முடியாது, அம்மா. சித்தியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். பயப்படாதே.

மேலாளர் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

உன் மகன்

தங்கச்சி, இதை மட்டும் சத்தமாக வாசிக்காதே. கட்டு அவிழ்க்கும்போது அம்மா எதிரில் என் படத்தைப் பிடி. போன வாரம் அனுப்பியதில் ரொம்ப இளைத்துத் தெரிகிறேன். ஊரிலிருந்து கிளம்பும்முன் எடுத்தோமே, அதைப் பிடி.