முதல் தாளின் கீழ் மூலை

உங்கள் இரத்தம் காய்ந்து மண்ணிறமாகிவிட்டது. இன்று காலை அந்தப் பாட்டுப் புத்தகத்தை மறுபடி புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். முதல் தாளின் கீழ் மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு, கறுப்பாகத் தெரிந்தது. அடுத்த வாரம் புத்தகம் இத்தாலிக்குப் போகிறது. அதற்குள் அதன் விவரக் குறிப்பை நான் முடிக்க வேண்டும். "மண்ணிறக் கறை" என்று போட்டால் போதும், யார் கேட்கப்போகிறார்கள் என்கிறார் துறைத் தலைவி. எனக்குக் கை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானூறு ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவில் பரோக் இசை பிறந்த காலத்தில் யாரோ கையால் எழுதிய புத்தகம் அது. மெல்பனில் உள்ள எங்கள் நூலகத்துக்கு விற்க ஒருவன் கொண்டுவந்தான். அப்பாவின் சொத்து என்றான். முதல் தாளின் அடிப்பகுதியில் உரியவர் பெயரைக் கத்தியால் சுரண்டியிருந்தார்கள். யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்று தேடுவது உங்கள் வேலை. படம் எடுப்பது என் வேலை. விளக்கின் கீழ் சுரண்டிய பெயர் மெல்ல எழும்பி வந்தபோது நீங்கள் என் தோளில் ஓங்கி அடித்தீர்கள். அது இத்தாலியிலுள்ள ஒரு கன்னியர் மடத்தின் பெயர். கடிதம் போட்டீர்கள், இரண்டாம் உலகப் போரில் கொள்ளைபோன புத்தகம் என்று பதில் வந்தது.

உள்தாள் ஒன்றில் பழைய கறை ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? நான் இரத்தம் என்று எழுதிவிட்டேன். நீங்கள் விடவில்லை.

"நீர் கண்டனீரோ?"

"பாத்தாலே தெரியுதுங்க."

"காணேல்லைத்தானே. அப்ப மண்ணிறக் கறை எண்டு எழுதும். கண்டதை மட்டும் எழுதும்."

என்னைவிட இரண்டு வயது இளையவர் நீங்கள். ஆனாலும் மதுரைக்காரனான என்னை உங்கள் ஈழத்துப் பேச்சில் நீர், வாரும், போம் என்று விரட்டுவீர்கள். வேலை முடிந்து வெரிபீ போகும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து நீங்கள் கொண்டுவரும் மீன் ரோல்ஸைத் தின்றபடியே சண்டை போடுவோம். அலுத்ததே இல்லை.

புத்தகத்தை மடத்துக்கே கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் விற்க வந்தவனின் முகம் செத்துப்போனது. மேசையில் கிடந்த தாள் வெட்டும் கத்தியை எடுத்தான். பெயர் இருந்த பக்கத்தை அறுத்தெடுக்கக் குனிந்தான். நீங்கள் உள்ளங்கையைப் பெயரின் மேல் விரித்து அழுத்தினீர்கள். அவன் நிறுத்தவில்லை. கத்தி உங்கள் மணிக்கட்டோரம் பக்கவாட்டில் நுழைந்து மறுபக்கம் வந்தது. நீங்கள் கத்தவில்லை. கையை இழுக்கவும் இல்லை.

கேமரா ஸ்டாண்டால் அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. விழுந்தான்.

"விடும், அவன் விழுந்திட்டான்," என்றீர்கள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் நாம் பிரிந்தோம். அவன் எழுந்து பாய்ந்தான், தற்காப்புக்காக அடித்தேன் என்று போலீசிடம் சொன்னேன். நீங்கள் வேறு சொன்னீர்கள். சொன்னதை மறைக்காமல் ரயிலில் என்னிடமும் சொன்னீர்கள், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

"உங்க கையில குத்தினவனுக்காக என்னைக் காட்டிக்கொடுத்தீங்களா?"

"அவன் குத்தினதையும் சொன்னனான். விழுந்த பிறகு நீர் அடிச்சதையும் சொன்னனான். உமக்காகவும் பொய் சொல்லேலாது."

அப்போது உங்களையும் அடிக்க வேண்டும் போலிருந்தது. இதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிட்டேன். பிறகு வழக்கு முடியும்வரை வேலைக்கு வராதே என்றார்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது ரயிலில் உங்களைக் கண்டால் கடைசிப் பெட்டிக்கு நடந்துவிடுவேன். ஒருநாள் ரோல்ஸ் பொட்டலத்தோடு என் பெட்டிக்கே வந்து நின்றீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் குளிர்காலத்தில் நீங்கள் குசினி என்னும் சமையலறையில் மயங்கி விழுந்தீர்கள், மூளையில் இரத்தக்கசிவாம். தேவாலயத்தில் உங்கள் இறுதிச் சடங்கில் கடைசி வரிசையில் நின்றேன். சவப்பெட்டிக்கு அருகே வர எனக்கு முகம் இல்லை.

வழக்கு முடிந்து என்னை நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். நூலகமும் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அவனுக்குச் சிறை. என் பொய் மட்டும் கோப்பில் அப்படியே கிடக்கிறது.

உங்கள் இரத்தம் பெயரைத் தொடவில்லை. அதற்கு ஒரு விரல் கீழே நின்றுவிட்டது. மடத்தின் பெயர் விளக்கின் கீழ் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மதியம் விவரக் குறிப்பை முடித்துத் துறைத் தலைவிக்கு அனுப்பிவிட்டேன். போலீசுக்கும் ஒரு பிரதி போகிறது. வேலை போனால் போகட்டும். உங்களுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

முதல் தாள், கீழ் மூலை: மனித இரத்தம். பெயரைக் காக்கக் கை வைத்த நூலக ஆய்வாளருடையது. அவர் பெயர் கீழே. கத்தி பிடித்தவர் ஸ்டாண்டால் தாக்கப்பட்டு விழுந்தார். அவர் எழவில்லை. விழுந்த பின் மேலும் மூன்று முறை அடிக்கப்பட்டார். அடித்தவன் இதை எழுதுபவன். எல்லாம் நேரில் கண்டது.